மூன்று பூச்சு சில்வர் பெயின்ட்

புகழேந்தி மாமா ஷிப்ட் முடிந்து வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து முதலில் காதைக் குடைவார். சுண்டுவிரல் நுனியில் கறுப்பாக உமிச்சாம்பல் ஒட்டிவரும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கைலியில் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார். இருபத்தாறு வருடமாக இதே வரிசை.

பாபநாசத்துக்குச் சற்று முன்னால், தஞ்சாவூர் சாலையில் இருக்கும் ஒரு புழுங்கலரிசி ஆலையில் அவர் பாய்லர் ஆள். நெல்லை அவிக்க ஆவி வேண்டும், ஆவிக்கு உமியை எரிக்க வேண்டும். உமியைத் தள்ளிக்கொண்டு, தண்ணீர்மட்டக் கண்ணாடியையும் அழுத்தம் காட்டும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். மாற்று ஆள் வராவிட்டால் பன்னிரண்டு மணி நேரம். மாற்று ஆள் பெரும்பாலும் வருவதில்லை.

அதே ஆலையில்தான் என் அப்பா மூட்டை தூக்கினார். அந்தக் கூலியில் நான் பொறியியல் படித்தேன். எங்கள் தெருவில் முதல் பி.இ. நான்தான், அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியோடு எடுத்த படத்தை மாமா ஒரு பிரதி கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டு, தன்னுடைய பாய்லர் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி அவர். வீட்டுக்கு வருகிறவர்களிடம், “இந்த வீட்டுல ரெண்டு சர்டிபிகேட் இருக்கு” என்பார். நான் இப்போது திருச்சியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வந்துவிடுவேன்.

மாமா ஒரு ரயில் எஞ்சின் செய்துகொண்டிருக்கிறார். பொம்மை இல்லை. உயரம் முழங்கால்கூட வராது, ஆனால் உள்ளே நிஜமாகவே நெருப்பு எரியும், தண்ணீர் கொதிக்கும், ஆவி போய் பிஸ்டனைத் தள்ளும், சக்கரம் சுழலும். ஐந்து அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும். பின்னால் ஒரு பலகை வண்டியைக் கோத்தால் ஆள் உட்கார்ந்து போகலாம். செல்போனில் யாரோ வெளிநாட்டுக்காரர் தன் தோட்டத்தில் அப்படி ஒன்றை ஓட்டுவதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இந்த நினைப்பு.

எதற்கு மாமா இது என்று ஒருமுறை கேட்டேன்.

“இருபத்தாறு வருஷமா ஆவி போடுறேன் மாப்ள. அவ்வளவும் போயி நெல்லைத்தான் வேக வைக்குது. நான் போட்ட ஆவில ஒரு சக்கரம் சுத்தி நான் பாத்ததில்ல. ஒரு தடவ சுத்தட்டும். போதும்.”

உள்ளேயிருந்து சுடர்விழி அத்தை சொன்னார்: “கிரைண்டர்ல கல்லு சுத்தாம மூணு மாசமாக் கெடக்கு. அதை முதல்ல சுத்த வைங்க. நானும் ஒரு தடவ பாத்துக்குறேன்.”

மாமா சுவரில் சாய்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. தூங்கிவிட்டாரா இல்லையா என்று அத்தைக்கே தெரியாது.

இந்த மாதிரி எஞ்சினுக்குப் பாகங்களைப் புதிதாக வாங்க நம்மால் ஆகாது. பழையதாகக் கிடைத்தால் உண்டு. அதுவும் யாரோ ஆசையாக ஆரம்பித்துப் பாதியில் விட்டதாக இருக்கும். எது எதனுடைய பாகம் என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி வேலை போய்விடும். தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் யூனுஸ் பாய் மூன்று வருடம் முன்பு மாமாவுக்குப் போன் செய்தார். ஆலையின் பழைய வால்வுகளை எடைக்குப் போடப் போய் ஏற்பட்ட பழக்கம். பொன்மலையில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தவறிவிட்டார், வீட்டைக் காலி செய்ததில் ஒரு மரப்பெட்டி நிறையக் குட்டிக் குட்டியாக என்னென்னவோ வந்திருக்கிறது, “உங்க ரயிலு மாதிரி தெரியுது, வந்து பாருங்க பாய்லர்காரரே” என்றார்.

மாமா பெட்டியோடு வாங்கி வந்தார். உள்ளே செம்பில் ஒரு சின்ன பாய்லர், நீளமான இரண்டு இரும்புத் தகடுகள் (அவைதான் எஞ்சினின் சட்டம், மற்ற எல்லாம் அதன்மேல் உட்கார வேண்டும்), சில சக்கரங்கள், கன்மெட்டல் என்ற வெண்கலக் கலவையில் வார்த்த இரண்டு சிலிண்டர்கள், பெயர் தெரியாத நாற்பது துண்டுகள். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கியது. சிலவற்றில் சிவப்பு நூல், சிலவற்றில் பச்சை. அட்டையில் வெறும் எண் மட்டும்.

பெட்டி வந்த பத்தாம் நாள் ஆயுத பூஜை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆலையில் நெருப்பை அணைத்துவிடுவார்கள். பாய்லரின் உள்ளே வெளியே எல்லாம் சுத்தம் செய்து, குழாய்களுக்கு சில்வர் பெயின்ட்டும் வால்வுக் கைப்பிடிகளுக்குச் சிவப்பும் அடிப்பார்கள். டப்பாவில் மீந்ததை மாமா வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்த வருடமும் கொண்டுவந்தார். பெட்டியில் இருந்த அத்தனையையும் மண்ணெண்ணெயில் கழுவி, நூலையெல்லாம் அறுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சில்வர் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழையிலையில் வரிசையாக அடுக்கிப் பூசணிக்காய் உடைத்தார். நூலும் அட்டையும் மறுநாள் உமியோடு உமியாக பாய்லர் அடுப்புக்குள் போயின. அவரைக் குறை சொல்ல முடியாது. கயிறும் அழுக்கு அட்டையும் தொங்கத் தொங்க எங்கள் பக்கத்தில் யாரும் ஆயுதத்தைப் படைக்க மாட்டார்கள். அடுத்த வருடம் இன்னொரு பூச்சு, அதற்கடுத்த வருடம் மூன்றாவது. வார்ப்பின் சொரசொரப்பெல்லாம் மூடி, இரும்பும் பித்தளையும் கன்மெட்டலும் ஒரே நிறமாகி, எல்லாம் எவர்சில்வர் கடைச் சாமான் மாதிரி பளபளத்தன.

இந்த ஆவணியில் யூனுஸ் பாய் மறுபடி போன் செய்தார். அதே வீட்டின் பரணிலிருந்து ஒரு சாக்கும் ஒரு நோட்டும் வந்திருக்கின்றனவாம். நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அழகான ஆங்கிலக் கையெழுத்து. திருச்சி அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த மனிதர் செய்ய நினைத்தது ஒரு எஞ்சின் இல்லை, இரண்டு. சிவப்பு நூல் முதல் எஞ்சினுக்கு, அது பெரியது. பச்சை நூல் இரண்டாவதுக்கு, அது சிறியது. இரண்டும் ஐந்து அங்குலத் தண்டவாளத்துக்குத்தான். மாமாவிடம் இருந்த பாய்லரும் சட்டமும் நோட்டிலிருந்த இரண்டாவது எஞ்சினின் அளவோடு பொருந்தின. சிலிண்டர்தான் சந்தேகம்; பெயின்ட் தடிப்போடு வைத்துப் பார்த்ததில் அது சட்டத்தில் ஒழுங்காக உட்காரவில்லை.

நூல் விஷயத்தை மாமாவிடம் சொன்னேன்.

“நானே கொளுத்திட்டேன்ல மாப்ள” என்றார். “பச்ச நூலு நல்லா ஞாபகம் இருக்கு. எதுல இருந்துச்சுன்னுதான் ஞாபகம் இல்ல.”

சாக்கிலும் இரண்டு சிலிண்டர்கள் இருந்தன. அவற்றிலும் நூல் இல்லை. பழைய இரும்புக் கடையில் சரக்கு வந்ததும் உலோகவாரியாகப் பிரித்து, நூல், கம்பி, ரப்பர் எல்லாவற்றையும் அறுத்துவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் வாங்குகிறவன் எடையில் கழித்துவிடுவான். யூனுஸ் பாய் ஒரே ஒரு சலுகை செய்தார். கன்மெட்டல் எல்லாம் லாரியில் வார்ப்புப் பட்டறைக்குப் போகப்போகிறது. அதற்குள் மாமா தன் ஜோடி சிலிண்டரைக் கொண்டுவந்து, அது தனக்கானது இல்லை என்றால் சாக்கில் இருக்கும் ஜோடியோடு எடைக்கு எடை மாற்றிக்கொள்ளலாம். லாரியில் ஏறினால் உருக்கிவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று முடிவானது. மாமா முதல் நாள் மாலை ஏறிய ஷிப்ட்டிலிருந்து மாற்று ஆள் இல்லாமல் அன்று விடியலில்தான் இறங்கியிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“சட்டத்தையும் தூக்கிட்டுப் போயிருவோம் மாப்ள. அங்கேயே வச்சுப் பாத்துரலாம்.”

“அதை வண்டில எப்படி மாமா கொண்டுபோறது. வெர்னியர் இருக்கு என்கிட்ட, நுணுக்கமா அளந்துரலாம்.”

“அப்ப பெயின்ட்டையாவது சுரண்டிப் பாப்போமா? வால்வுல எல்லாம் அடியில நம்பரு வார்த்திருப்பான். இதுலயும் ஏதாவது இருக்கும்.”

“அளவு இருக்கறப்ப நம்பர் எதுக்கு மாமா.”

அவர் வாதாடவில்லை. வாதாடத் தெம்பு இல்லை என்பது இப்போது எனக்குப் புரிகிறது. அன்று, நான் சொன்னதை ஒத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

யூனுஸ் பாய் கடையில் ஒரு இரும்பு மேசைமேல் நான்கு சிலிண்டர்களையும் வைத்தோம். எங்களுடையவை பளபளவென்று இரண்டு, சாக்கிலிருந்தவை பச்சைக் களிம்பு பிடித்து இரண்டு. நான் பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன். முதல் சம்பளத்தில் வாங்கியது. பிஸ்டன் ஓடும் துளைதான் முக்கியம். இரண்டாவது எஞ்சினுக்குத் துளை ஒன்றே அரைக்கால் அங்குலம் என்று நோட்டில் இருந்தது. அதாவது இருபத்தெட்டரை மில்லிமீட்டர். எங்களுடையதை அளந்தேன், இருபத்தைந்து. சாக்கில் இருந்ததை அளந்தேன். சரியாக இருபத்தெட்டரை. இன்னொன்றையும் அளந்தேன். அதே இருபத்தெட்டரை.

“அதுதான் மாமா உங்களோடது. நம்மகிட்ட இருக்கறது என்னவோ, இந்த எஞ்சினுக்கு இல்ல.”

மாமா இரண்டு கையிலும் ஒவ்வொன்றை எடுத்துத் தூக்கிப் பார்த்தார். “இது கனமா இருக்கே மாப்ள. சின்ன எஞ்சினுக்குக் கனமான சிலிண்டரா?”

“கனத்துல என்ன மாமா இருக்கு. துளைதான் கணக்கு.”

“படிச்ச புள்ள சொல்லுது” என்றார் யூனுஸ் பாய். “நீங்களும் நானும் தராசைத்தான் பாப்போம் பாய்லர்காரரே. அது அளவப் பாக்குது.”

“நீ சொன்னா சரி” என்றார் மாமா.

எடை போட்டபோது எங்கள் தட்டு மேலே நின்றது. மாமா தோள்பையிலிருந்து ஒரு பழைய வால்வை எடுத்தார். ஆலையில் முன்பு இருந்த பாய்லரின் சேப்டி வால்வு அது. அழுத்தம் மீறினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விட்டு ஆளைக் காப்பாற்றுவது. அவர் வேலை பழகியது அந்தப் பாய்லரில்தான். அதைப் பிரித்து எடைக்குப் போட்டபோது இந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருந்தார். பூஜையில் முதல் பொட்டு எப்போதும் அதற்குத்தான்.

“அதைப் போட வேணாமே மாமா.”

“எதுக்கும் இருக்கட்டும்னுதான் எடுத்தாந்தேன். சும்மா கெடக்கறதுதானே.”

தட்டு இறங்கியது.

திரும்பும் வழியில் அய்யம்பேட்டையில் டீ குடித்தோம். மாமா பையை மடியில் வைத்துக்கொண்டே குடித்தார். முகத்தில் களைப்புக்கு நடுவே என்னவோ ஒரு தெளிவு. நானும் ஒரு தேர்வில் நன்றாக எழுதிவிட்டு வெளியே வந்தவன் மாதிரி இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவாமல் சிலிண்டரை எடுத்துச் சட்டத்தில் வைத்தார். உட்காரவில்லை. சட்டத்தில் வெட்டியிருந்த இடம் சிறியது, சிலிண்டர் விரற்கடை அளவு பெரியது. திருப்பி வைத்தார், அடுத்த பக்கத்தில் வைத்தார், இன்னொன்றை எடுத்து வைத்தார். வார்ப்பில் போல்ட்டுக்கு விட்ட மேடுகளும் சட்டத்தின் துளைகளுக்கு நேராக வரவில்லை. நாலாவது தடவையும் முதலில் வைத்த மாதிரியே வைத்தார். அப்புறம் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்த நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது. நோட்டில் இருந்தது லேத்தில் கடைசல் எல்லாம் முடிந்த பிறகு வரவேண்டிய அளவு. வார்ப்பில் துளையைச் சின்னதாகத்தான் விடுவார்கள், பிறகு கடைந்து கடைந்து சரியான அளவுக்குக் கொண்டுவருவார்கள். எங்களிடம் இருந்த இருபத்தைந்துதான் கடைந்த பிறகு இருபத்தெட்டரை ஆகியிருக்கும். கடையில் இருந்த இருபத்தெட்டரை, கடைந்தால் இன்னும் பெரிதாகும். அது பெரிய எஞ்சினுக்கு. பெயின்ட் அடித்திருந்ததால் எங்களுடையது கடைந்து முடித்ததுபோல வழவழப்பாகத் தெரிந்தது, நானும் நம்பிவிட்டேன். வார்ப்புக்குக் கூடுதலாக விடும் உலோகம் பற்றி இரண்டாம் ஆண்டில் இரண்டு மதிப்பெண் கேள்வி வரும். சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

“மாமா, தப்பாயிடுச்சு. நம்மளோடதுதான் சரி. அதைக் குடுத்துட்டு வந்துட்டோம்.”

“ம்” என்றார். பிறகு, “பாய்க்குப் போனப் போடு.”

போனை ஸ்பீக்கரில் போட்டேன். யூனுஸ் பாய் சொன்னார்: “நீங்க கெளம்பினதும் வண்டி வந்துருச்சே பாய்லர்காரரே. நாளைக்குத்தான் வரணும், இன்னிக்கே ஏத்திட்டுப் போயிட்டான்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “பெயின்ட்டு எடையக் கழிப்பான்னு நம்ம ஆளு சுத்தியலால தட்டினான். ஓடு மாதிரி உதிருது. எத்தன கோட்டு அடிச்சீங்க? அடியில ரெண்டுலயும் ‘2’னு இங்கிலீஷ் நம்பர் பெரிசா வார்த்திருந்துச்சு. அது ஏதும் கணக்கா?”

“இல்ல பாய்” என்றார் மாமா. “ஒண்ணும் இல்ல. போன வச்சிருங்க.”

அத்தை தோசைக்கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். திரும்பிப் போய், கொஞ்ச நேரத்தில் மூன்று தட்டு வைத்துக் கூப்பிட்டார். சாப்பிடும்போது மாமா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். “நூல நான் கொளுத்தாம இருந்திருந்தா நீ அளக்கவே வேண்டியதில்ல.” என்மேல் இருந்த பழியை அவர் எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

அந்த வாரம் முழுக்கத் திருச்சியில் இருந்துகொண்டு வழி தேடினேன். அச்சு செய்து புதிதாக வார்க்கலாம். வெளியூரில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்கலாம். ஒரு பட்டியலே தயார் செய்து அடுத்த ஞாயிறு கொண்டுபோனேன். மாமா கொல்லையில் உட்கார்ந்து, சட்டத்தை வைஸில் பிடித்து, ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா பண்றீங்க?”

“சிலிண்டர் சின்னதாகாது மாப்ள. சட்டம் பெரிசாகும்.”

சட்டத்தை அகலமாக வெட்டினால் சிலிண்டர் உட்காரும். ஆனால் கொஞ்சம் வெளியே தள்ளி உட்காரும். அப்புறம் சக்கரத்தைத் தள்ளும் தண்டுகளை வளைக்க வேண்டும். தண்டை வளைத்தால் வேறொன்று இடிக்கும். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே அறுத்தார். ஆலையில் குறுவை நெல் வந்து குவிந்துகொண்டிருந்த நேரம். ஷிப்ட் முடிந்து வந்து, காதைக் குடைந்து, அரை மணி நேரம் அரம் தேய்ப்பார். பிறகு அரத்தைக் கையில் வைத்துக்கொண்டே சுவரில் சாய்ந்து தூங்குவார். அத்தை வந்து அரத்தை எடுத்து வைப்பார். சில நாள் ஒரு நெல்மணி கனம்கூடத் தேயாது.

நான் ஞாயிறுதோறும் போய் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பாபநாசத்தில் ஒரு லேத் பட்டறையில் பக்கத்திலேயே நின்று சிலிண்டர் துளையைச் சுத்தமாகும் அளவுக்கு மட்டும் லேசாகக் கடைந்து வாங்கினேன். ஆவி போகும் வழிகளைத் துளைக்க வைத்தேன். முன்னும் பின்னும் மூடித் தகடு செய்தோம். எதையும் அட்டையில் வெட்டி, இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அளந்தேன். “உக்காரட்டும் முதல்ல. அளவ அப்பறம் எழுதிக்க” என்பார் மாமா. கிண்டலா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆயுத பூஜையன்று நான் ஊரில் இருந்தேன். ஆலையில் பூஜை முடித்து மாமா பதினொரு மணிக்கு வந்தார். உடம்பெல்லாம் பெயின்ட் வாசனை, நகக்கண்ணில் வெள்ளி. கையில் பொரிப் பொட்டலம் மட்டும்.

“பெயின்ட்டு டப்பா எங்க?” என்றார் அத்தை.

“இந்த வருஷம் வேணாம்.”

முதல் நாள்தான் இரண்டாவது சிலிண்டரையும் சட்டத்தில் போல்ட் போட்டு முடித்திருந்தார். கோணலாகத்தான் இருந்தது, பார்த்தால் தெரியும். ஆனால் உட்கார்ந்திருந்தது. பிஸ்டன் இன்னும் செய்யவில்லை. கொய்யாக் கட்டையில் உருளையாகச் செதுக்கி, எண்ணெய் தடவி, பிஸ்டனுக்குப் பதிலாக உள்ளே விட்டு மூடியை முடுக்கி வைத்திருந்தார். ஆவி வரும் துளையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் சொருகினார்.

“இன்னிக்கு பாய்லர் லீவு. மூச்சுதான் இருக்கு” என்று சொல்லி ஊதினார். இரண்டு தடவை ஊதியதும் இருமல் பிடித்துக்கொண்டது. அவர் நெஞ்சில் இருபத்தாறு வருடத்து உமி இருக்கிறது. வெகு நேரம் இருமினார். பிறகு குழாயை என்னிடம் நீட்டினார்.

“நீ ஊது மாப்ள.”

ஊதினேன். ஒன்றும் நடக்கவில்லை. கன்னம் வலிக்க இன்னும் ஊதினேன். உள்ளே கட்டை நகர்ந்து மறுகோடியில் போய் முட்டியது, டொக் என்று. மாமா குழாயைப் பிடுங்கி அடுத்த துளையில் சொருகினார். ஊதினேன். திரும்பி வந்து முட்டியது.

அவர் சிலிண்டர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். “வழி இருக்கு” என்றார். அவ்வளவுதான். அப்படியே பக்கத்தில் தரையில் சரிந்து, பொரிப் பொட்டலத்தைத் தலைமாட்டில் தள்ளிவிட்டு, தூங்கிப்போனார்.

அத்தை சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். “இதுல பொட்டு வைக்கலாமா தம்பி, இல்ல இதுக்கும் ஏதாவது கணக்கு இருக்கா?”

நான் குனிந்து பார்த்தேன். சிலிண்டரின் அடியில், அரம் படாத இடத்தில், ஒன்று என்ற எண் பச்சைக் களிம்புக்குள் தெளிவாக நின்றது. “மேல வைங்க அத்தை. அடியில மட்டும் வேணாம்.”

அத்தை மேலே பொட்டு வைத்தார். தூங்குகிறவர் நெற்றியிலும் ஒன்று வைத்தார். சக்கரங்கள் இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தன, மூன்று பூச்சு சில்வரோடு. அவற்றை நான் எடுத்து வெளியே வைத்து, அடிப்பக்கம் திருப்பி, பழைய பிளேடால் சுரண்ட ஆரம்பித்தேன். மாமாவுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷிப்ட்.